தெருவுக்குக் கேட்காத அன்பு

1

சேரப்பணஞ்சேரியில் எங்கள் வீட்டு மாடியில் மூன்று அறைகள் இருக்கின்றன. ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களுக்கு அவற்றை வாடகைக்கு விட்டிருக்கிறேன். தென் மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். இருபது, இருபத்திரண்டு வயது. இரவு ஒன்பதரைக்குள் வந்துவிட வேண்டும் என்பது நான் வைத்த விதி. வைத்தவன் நான் என்றாலும் எனக்காக வைத்ததில்லை. தெருவுக்காக வைத்தது.

சென்ற ஐப்பசியில் ஒரு மழை இரவு. அந்தப் பெண்களில் ஒருத்தி பதினோரு மணிக்குக் கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்தாள். தொப்பலாக நனைந்திருந்தாள். அன்று அவளுக்கு ஓவர்டைம் என்பதும், கம்பெனி பஸ் வழியில் நின்றுவிட்டது என்பதும் எனக்குத் தெரியும். உடன் தங்கியிருந்த பெண்கள் முன்பே வந்து சொல்லியிருந்தார்கள். ஆனால் எதிர்வீட்டு ஜன்னலில் விளக்கு எரிந்தது. ‘இவ்வளவு நேரம் எங்கம்மா போயிருந்தே?’ என்று கேட்டேன். அவளுக்குக் கேட்க வேண்டிய அளவைவிடச் சற்று உரக்கவே கேட்டேன். ‘பஸ் நின்னுடுச்சு சார்’ என்று மட்டும் சொல்லிவிட்டு மாடியேறினாள். மாதம் முடிந்ததும் அறையைக் காலி செய்துகொண்டு போனாள். காரணம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ கதையை நான் பலமுறை படித்தவன். அதுபற்றி நண்பர்களுடன் விடிய விடியத் தர்க்கம் செய்தவன். மழையில் நனைந்து ஒரு பெண் வாசலில் வந்து நின்றபோது, அந்தக் கதையில் வரும் தாயின் இடம் எனக்குக் காலியாகக் கிடந்தது. நான் போய் நின்றது பக்கத்துக் குடித்தனக்காரர்களின் இடத்தில். இக்கட்டுரை அந்த வெட்கத்திலிருந்து எழுதப்படுகிறது. அதனால் இதில் விமர்சகனுக்குரிய நிதானம் சில இடங்களில் தவறியிருக்கலாம்.

சமூகத்தின் எதிர்பார்ப்புகள் ஒரு தனிமனிதனை எப்படித் தனிமைப்படுத்துகின்றன என்ற கேள்விக்கு நம்மிடம் தயாராக ஒரு பதில் உண்டு. சமூகம் கொடூரமானது, தனிமனிதன் மென்மையானவன், இரண்டும் மோதுகின்றன, மென்மையானது நசுங்குகிறது. நம் முக்கியமான சிறுகதைகளைத் திரும்பப் படிக்கும்போது இந்தப் பதில் எனக்குப் போதவில்லை. இக்கதைகளில் ஒதுக்கப்படுகிறவள் அன்பு கிடைக்காதவள் இல்லை. அவள் குற்றமற்றவள் என்று அறிந்த ஒருவர் அவள் பக்கத்திலேயே இருக்கிறார். கணவன், அல்லது தாய், அல்லது உடன்பிறந்தான். அப்படியிருந்தும் அவள் தனியாகிவிடுகிறாள். ஏனென்றால் அந்த ஒருவரின் அறிதல் தெருவுக்குக் கேட்பதில்லை. தமிழ்ச் சிறுகதையின் சரித்திரத்தை இந்த ஒரு கோணத்திலிருந்து பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

2

1915-ல் ‘விவேக போதினி’யில் வெளிவந்த வ.வே.சு. ஐயரின் ‘குளத்தங்கரை அரசமர’த்தை முதல் தமிழ்ச் சிறுகதை என்று சொல்வதா கூடாதா என்ற சர்ச்சை நமக்கு வேண்டியதில்லை. தாகூர் 1884-ல் எழுதிய, படித்துறை பேசுகிற வங்கக் கதையின் நிழல் அதில் விழுந்திருப்பதும் பலரும் சொன்னதுதான். ஐயர் அப்போது புதுச்சேரியில், பிரிட்டிஷ் போலீஸுக்கு எட்டாத தூரத்தில், பிரவாசியாக இருந்தார் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

கதை எல்லோரும் அறிந்தது. ருக்மிணியின் தகப்பனார் காமேசுவரய்யர் வசதியாக இருந்தவரை அவள் சம்பந்தி வீட்டுக்கு உகந்த மருமகள். அர்பத்நாட் கம்பெனி 1906 அக்டோபரில் சென்னையில் முறிந்தபோது அவருடைய பணமும் அதோடு போகிறது. அதன் பிறகு மாமியார் வீட்டில் அவளைப் பற்றிய பேச்சே மாறிவிடுகிறது. நாகராஜனுக்கு இன்னொரு பணக்கார வீட்டில் பெண் நிச்சயிக்கிறார்கள்.

இதில் நாம் கவனிக்கத் தவறுவது நாகராஜனை. அவன் கெட்டவன் இல்லை. ருக்மிணியைக் கைவிடும் எண்ணமும் அவனுக்கில்லை. கல்யாணத்தன்று கடைசி நேரத்தில் மறுத்துவிட்டு அவளிடம் வந்துவிடுவது என்று திட்டம் வைத்திருக்கிறான். அதை நண்பன் ஸ்ரீநிவாசனிடம் சொல்கிறான். யாரிடம் சொல்ல வேண்டுமோ அவளிடம் மட்டும் தெளிவாகச் சொல்லவில்லை. பெற்றோரை எதிர்த்து ஊரறியப் பேசும் நேரத்தை முகூர்த்தத்துக்குத் தள்ளிப் போடுகிறான். அதற்குள் அவள் குளத்தில் இறங்கிவிடுகிறாள்.

ருக்மிணியைக் கொன்றது மாமியாரின் பணத்தாசை என்று படித்தால் இது வெறும் சீர்திருத்தக் கதை. அவளைக் கொன்றது கணவன் மனதுக்குள் பத்திரமாக வைத்திருந்த அன்பு என்று படித்தால் கதையின் உருவமே நமக்குப் புரிய ஆரம்பிக்கிறது. ஏன் ஒரு மரம் கதை சொல்கிறது? இரண்டு பக்கமும் கேட்டிருப்பது அது ஒன்றுதான். அவன் நண்பனிடம் சொன்னதும் அதற்குத் தெரியும், அவள் அழுததும் தெரியும். மனிதர்களில் முழு உண்மையை அறிந்த சாட்சி ஒருவர்கூட இல்லை. அறிந்த சாட்சிக்கு வாய் இல்லை. ஐயர் தாகூரிடமிருந்து உத்தியை எடுத்திருக்கலாம். ஆனால் அந்த உத்திக்குத் தமிழ்க் குடும்பத்தில் இப்படியொரு அவசியம் இருந்தது. எல்லாம் முடிந்த பிறகு பேசுகிற மரம்தான் நம் முதல் கதைசொல்லி.

3

புதுமைப்பித்தன் அகலிகையை இரண்டு முறை எழுதினார். 1934-ல் ‘மணிக்கொடி’யில் வந்த ‘அகல்யை’ முதலாவது. 1943-ல் ‘கலைமக’ளில் வந்த ‘சாபவிமோசனம்’ இரண்டாவது. பின்னதைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். முன்னதை ஆரம்ப கால முயற்சி என்று தாண்டிவிடுகிறோம். இரண்டையும் பக்கத்தில் வைத்தால்தான் அந்த ஒன்பது வருஷங்களில் நடந்தது தெரியும்.

முதல் கதையில் கௌதமன் சபிப்பதில்லை. நடந்ததை அறிகிறான், புரிந்துகொள்கிறான், மன்னிக்கிறான். கதை அந்தப் பெருந்தன்மையில் முடிந்துவிடுகிறது. 1934-ன் இளைஞனுக்கு அது போதுமானதாக இருந்தது. மனம் தூய்மையாக இருந்தால் கற்பு கெடவில்லை, கணவன் அதை ஏற்றுக்கொண்டால் பிரச்னை தீர்ந்தது என்கிற நம்பிக்கை.

‘சாபவிமோசனம்’ இந்த இடத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறது. சாபம் தீர்ந்துவிட்டது, கணவன் ஏற்றுக்கொண்டுவிட்டான். பிறகு அவள் எப்படி வாழ்ந்தாள்? ஆற்றுக்குப் போனால் பெண்கள் இன்னாரென்று அறிந்ததும் விலகிப் போகிறார்கள். எந்த ஆணின் பார்வையிலும் அவளுக்கு இந்திரன் தென்படுகிறான். கௌதமனின் மன்னிப்பு குடிசைக்குள்தான் செல்லும். ஆற்றங்கரையில் அது செல்லாத நாணயம். இந்த நுட்பத்தைப் பிடிக்கப் புதுமைப்பித்தனுக்கு ஒன்பது வருஷங்கள் தேவைப்பட்டன.

கடைசியில் சீதை வருகிறாள். வனவாசத்தை, லங்கையை, தீக்குளித்ததைச் சொல்கிறாள். ராமனா அப்படிக் கேட்டான் என்று அகலிகை அதிர்ந்துபோகிறாள். உலகத்துக்கு நிரூபிக்க வேண்டாமா என்பது சீதையின் பதில். அகலிகை மீண்டும் கல்லாகிறாள். ராமன் மனதில் சந்தேகம் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் அது இன்னும் பயங்கரம். சந்தேகமே இல்லாத ஒருவன், அவள் குற்றமற்றவள் என்று நிச்சயமாக அறிந்த ஒருவன், உலகம் பார்க்கிறது என்பதற்காக அவளைத் தீயில் இறக்குகிறான். எதிர்வீட்டு விளக்கு எரிந்தபோது நான் உயர்த்திய குரலுக்கு எவ்வளவு நீண்ட பரம்பரை இருக்கிறது என்று பாருங்கள்.

இதே காலத்தில் கு.ப.ரா.வின் ‘விடியுமா’. தந்தி வந்து, இரவு ரயிலில் அக்காவும் தம்பியும் சென்னை ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். அவள் புருஷன் பிழைப்பானா மாட்டானா என்பது வெளியே தெரியும் கேள்வி. அந்தப் புருஷனோடு அவள் வாழ்ந்தது என்ன வாழ்வு என்பது அடியில் ஓடுகிற கேள்வி. இரண்டாவது கேள்வி இருவருக்கும் தெரியும். ஆனால் மனைவி என்றால் இந்த ராத்திரியில் இப்படித்தான் தவிக்க வேண்டும் என்று ஓர் எதிர்பார்ப்பு ரயில் பெட்டி முழுவதும் அடைத்துக்கொண்டிருக்கிறது. ஆகவே உடன்பிறந்த இருவரும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே தனித்தனியாகப் பிரயாணம் செய்கிறார்கள். குழந்தையிலிருந்து அவளை அறிந்த தம்பிகூட அங்கே ஓர் அரசமரம்தான்.

4

‘அக்கினிப் பிரவேசம்’ 1966-ல் ‘ஆனந்த விகட’னில் வந்தது. மழை, பஸ் ஸ்டாப், கார், பெண். வீடு திரும்பியவளைக் கண்டு முதலில் தாய் கதறிவிடுகிறாள். சத்தம் கேட்டுப் பக்கத்துக் குடித்தனக்காரர்கள் எட்டிப் பார்க்கிறார்கள். அந்தக் கணத்தில் அவள் சுதாரித்துக்கொண்டு, பெண் மழையில் நனைந்து வந்திருக்கிறாள் என்று பேச்சை மாற்றுகிறாள். பிறகு தலையில் தண்ணீரைக் கொட்டி, அதையே நெருப்பாக நினைத்துக்கொள்ளச் சொல்லி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். புதுமைப்பித்தனின் சீதைக்கு நெருப்பு. ஜெயகாந்தனின் பெண்ணுக்குத் தண்ணீர். இருபத்து மூன்று வருஷங்களில் தமிழ்க் கதை எடுத்து வைத்த பெரிய அடி இது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் இந்த விடுதலை ஒரு பொய்யின் மேல் நிற்கிறது. நனைந்து வந்திருக்கிறாள் என்று பக்கத்துக் குடித்தனத்துக்குச் சொன்ன பொய். தாய் அந்தப் பொய்யைச் சொல்லாமல் இருந்திருந்தால் தண்ணீருக்கு எந்தச் சக்தியும் இருந்திருக்காது. ஜெயகாந்தனுக்கு இது தெரிந்திருந்தது என்பதற்கு அவருடைய அடுத்த காரியமே சாட்சி.

கதை வந்ததும் வாசகர்களில் ஒரு பகுதி கொதித்தது. அதெப்படி ஒரு குடம் தண்ணீரில் தீர்ந்துவிடும் என்று கேட்டார்கள். கதைக்குள் ஒண்டுக் குடித்தனத்தில் எட்டிப் பார்த்தவர்கள் கதைக்கு வெளியே பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். நம் இலக்கியச் சரித்திரத்தில் தெரு இவ்வளவு ஸ்தூலமாகத் தலைகாட்டிய சந்தர்ப்பங்கள் குறைவு. ஜெயகாந்தன் அதற்குக் கட்டுரையில் பதில் சொன்னதோடு நிற்கவில்லை. அதே கதையை மறுபடி எழுதினார். ‘காலங்கள் மாறும்’ என்ற பெயரில் ‘தினமணி கதி’ரில் தொடராக வந்து, ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ என்று 1970-ல் புத்தகமானது. 1972-ல் சாகித்திய அகாதெமி பரிசும், 1977-ல் பீம்சிங்கின் படமும் வந்தன.

நாவலில் தாய் பேச்சை மாற்றவில்லை. அலறிவிடுகிறாள், ஊர் அறிந்துவிடுகிறது. கங்காவை அண்ணன் வீட்டைவிட்டுத் துரத்துகிறான். அவள் படித்து, உத்தியோகத்துக்கு வந்து, சம்பாதித்து, முழுத் தனிமையில் வாழ்கிறாள். அவளைப் படிக்க வைத்த மாமாவே தன் உபகாரத்தின் உரிமையில் அவளை அணுகப் பார்க்கிறார். ஒருநாள் ஒரு பத்திரிகையில் கதை படிக்கிறாள். ‘அக்கினிப் பிரவேசம்’. தன் கதைதான், ஆனால் அதில் தாய் தண்ணீர் கொட்டுகிறாள். தன் தாயும் அப்படிச் செய்திருக்கக் கூடாதா என்று அவள் நினைப்பதிலிருந்து நாவல் கிளைக்கிறது.

புதுமைப்பித்தனுக்கு நேர்ந்ததேதான் ஜெயகாந்தனுக்கும் நேர்ந்திருக்கிறது. இருவருமே முதல் தடவை வீட்டுக்குள் ஒரு மன்னிப்பை எழுதினார்கள். இருவருமே திரும்பி வந்து, அந்த மன்னிப்பு வாசற்படியைத் தாண்டவில்லை என்று எழுதினார்கள். வேறுவேறு சுபாவம் கொண்ட இரண்டு எழுத்தாளர்கள், தொடர்பில்லாமல், ஒரே பெண்ணிடம் இரண்டாம் முறை திரும்பிப் போக வேண்டியிருந்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. அந்தப் பெண்ணின் விஷயத்தில் முதல் முறை பொய் சொல்லிவிட்டோம் என்ற உறுத்தல் அது.

5

இங்கே நம் வட்டத்தைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். ஜெயகாந்தனை உரத்த குரல்காரர், பிரசங்கி என்று ஒதுக்குவது நம்மிடையே ஏறக்குறைய ஒரு சடங்கு. மௌனியிடமிருந்தும் கு.ப.ரா.விடமிருந்தும் நாம் கற்றுக்கொண்டது சொல்லாமல் விடுவதன் அழகை. 1959-ல் ‘எழுத்து’ தொடங்கியதிலிருந்து நம் விமர்சனம் இந்த அளவுகோலைத்தான் வெவ்வேறு பெயர்களில் பிடித்துவந்திருக்கிறது. அது நல்ல அளவுகோல். அதைக் கீழே போடச் சொல்ல நான் வரவில்லை. ஜெயகாந்தனின் பல பக்கங்கள் எனக்கு இன்றும் கூச்சலாகத்தான் படுகின்றன.

ஆனால் ஒரு குழப்பம் நமக்கு நேர்ந்திருக்கிறது. கலைஞன் சொல்லாமல் விடுவது ஒன்று. பாத்திரம் சொல்லாமல் இருந்துவிடுவது இன்னொன்று. முன்னதை ரசித்து ரசித்து, பின்னதையும் ஓர் அழகாக, ஒரு நாசூக்காக, பண்பாட்டின் உச்சமாகப் பார்க்கப் பழகிவிட்டோம். ‘விடியுமா’வில் தம்பி பேசாமல் இருப்பதை எத்தனை கட்டுரைகளில் சிலாகித்திருக்கிறோம். அந்தப் பேசாமையில் அந்த அக்கா எவ்வளவு தனியாக இருந்தாள் என்று எத்தனை பேர் கேட்டோம்? நாகராஜனின் மௌனம் நாசூக்கு இல்லை, கோழைத்தனம். ஐயரின் பழைய நடை அதை மறைக்காததால் நமக்கு அது தெரிகிறது. கு.ப.ரா.வின் நடை அழகானது என்பதால் அங்கே அதைப் பார்க்கத் தவறுகிறோம். உரத்துப் பேசினால் கலை கெடும் என்று நாம் கற்றது, உரத்துப் பேச வேண்டிய வாசலில் வாய் மூடி நிற்க நமக்கு ஒரு சௌகரியமாகவும் ஆகிவிட்டது. மற்றவர்களைச் சொல்லவில்லை. எனக்கு ஆகிவிட்டது.

அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’யில் (1988-ல் தொகுப்பாக வந்தது) இந்த மௌனம் ஓரளவு உடைகிறது. மருமகள் மீனாட்சி, சமையலறை அதிகாரத்தையே வாழ்க்கையாக நம்பிவிட்ட ஜீஜியிடம், உன் பலம் என்று நீ நினைத்தது பலமே இல்லை என்று பேசிவிடுகிறாள். அறிந்தவள், அறிந்ததை, உரியவளிடம், உயிர் இருக்கும்போதே சொல்லிவிடுகிறாள். அரசமரத்திலிருந்து இதுவரை வர எழுபது வருஷங்களுக்கு மேல் ஆகியிருக்கிறது. அங்கும் அந்தப் பேச்சு ஒரு நோய்ப்படுக்கையின் அருகில்தான் நடக்கிறது. வீடு முழுவதும் கேட்கும்படி இன்னும் இல்லை.

6

இனி எங்கள் பக்கத்துக்கு வருகிறேன். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் கார் தொழிற்சாலை வந்தது. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் தொழிற்சாலை திறந்தது, 2014-ல் மூடியது. பிறகு ஒரகடம், வல்லம் வடகால் என்று வயல்கள் வரிசையாகக் கொட்டகைகள் ஆயின. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும்படி ஒரு குடியிருப்பு திறந்தார்கள். குளத்தங்கரையும் ஒண்டுக் குடித்தனமும் போய், ஒரு சிறு நகரமே பெண்களின் விடுதியாகிவிட்டது.

எதிர்பார்ப்புகள் போய்விடவில்லை, புதிதாகக் கூடியிருக்கின்றன. 2024 ஜூனில், இந்தப் பகுதித் தொழிற்சாலை ஒன்று மணமான பெண்களை வேலைக்கு எடுப்பதில்லை என்று ஒரு செய்தி வெளிவந்தது. மத்திய அரசு மாநில அரசிடம் அறிக்கை கேட்டது, நிறுவனம் மறுத்தது. அதன் உண்மை பொய்யை நான் இங்கே தீர்க்க முடியாது. ஆனால் அந்தச் செய்தியைப் படித்தபோது என் மாடிப் பெண்ணின் நிலை இன்னும் விளங்கியது. மணமாகாதவள் என்பதால் அவள் வேலைக்குத் தோது; மணமாகாதவள் என்பதாலேயே தெருவுக்குச் சந்தேகம். ஊரில் அவள் அனுப்பும் பணத்தை எதிர்பார்க்கிறார்கள், கம்பெனியில் ஓவர்டைமை எதிர்பார்க்கிறார்கள், நான் ஒன்பதரை மணியை எதிர்பார்க்கிறேன். இந்த மூன்றையும் ஒரே உடம்பு ஒரே இரவில் நிறைவேற்ற முடியாது என்பது மூவருக்கும் தெரியும். மூவரும் அதைத் தனித்தனியாகத்தான் அறிந்திருக்கிறோம்.

2021 டிசம்பரில் நடந்ததை இங்கே நினைவுகூர வேண்டும். விடுதிச் சாப்பாடு விஷமாகிப் பல பெண்கள் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகளில் சிலர் இறந்துவிட்டதாக ஒரு வதந்தி விடுதி விடுதியாகப் பரவியது. இறப்பு ஏதும் நிகழவில்லை. ஆனால் கேட்ட கேள்விக்கு யாரும் வாய் திறந்து பதில் சொல்லாத இடத்தில் வதந்திதான் பேசும். அந்தப் பெண்கள் சுங்குவார்சத்திரத்துக்கு அருகே சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் இரவில் வந்து உட்கார்ந்தார்கள். வண்டிகள் மணிக்கணக்காக நின்றன. அன்று தெருவில் இருந்தவர்கள் அவர்கள். வீட்டுக்குள் ஜன்னல் வழியாகப் பார்த்தவர்கள் நாங்கள். யாருடைய மன்னிப்பையும் அவர்கள் எதிர்பார்க்கவில்லை. யாரும் தண்ணீர் கொட்ட வேண்டியிருக்கவில்லை. நாம் இதுவரை பேசிய கதைகளில் ஒதுக்கப்பட்டவள் எப்போதும் ஒருத்தி. நெடுஞ்சாலையில் அவள் பன்மையாகியிருந்தாள். அந்த இரவை நான் நம் சிறுகதையில் இன்னும் படிக்கவில்லை. எழுதப்படும்போது அதற்கு ஓர் அரசமரம் தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

அந்தப் பெண் காலி செய்த அறைக்கு வேறொருத்தி வந்திருக்கிறாள். ஒன்பதரை மணி விதியை எடுத்துவிட்டேன். எடுத்துவிட்டதை அந்தப் பெண்களிடம் சொன்னேன். எதிர்வீட்டுக்காரர், ‘என்ன சார், பிள்ளைங்க லேட்டா வருதுங்க போல’ என்று சென்ற வாரம் கேட்டார். வேலை சார், லேட்டாகத்தான் ஆகும் என்று சொல்ல வேண்டும் என்று வாய்வரை வந்தது. ‘ஆமாம்’ என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே வந்தேன்.